சேற்றுப் புழுவுக்குப் பெயர் வைப்பவர் யார்?

குறிஞ்சிப்பாடியில் நின்றால் கடல் தெரியாது. தறிச் சத்தம் கேட்கும். மேற்கே நெய்வேலியின் புகைபோக்கிகள் தெரியும். ஆனால் தண்ணீருக்கு இங்கிருந்து கடலுக்கு வழி உண்டு. பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காகச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. பரவனாறு அந்த நீரையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே போய், உப்பனாற்றோடு கலந்து, கடலூர் பழைய துறைமுகத்தருகே வங்கக் கடலில் விழுகிறது. சுரங்கத்தையும் வயலையும் சிப்காட் ஆலைகளையும் தாண்டி வந்த தண்ணீர் தான் சுமந்ததையெல்லாம் இறக்கிவைக்கும் இடம், அந்த முகத்துவாரத்துச் சேறு.

அந்தச் சேற்றில் இரண்டு கை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு அலசினால் கிளிஞ்சல் துண்டும் வேர்த் தும்பும் மிஞ்சும். அவற்றோடு சிவப்பும் பழுப்புமாகச் சில புழுக்கள் நெளியும். மண்புழுவுக்கு இவை ஒன்றுவிட்ட சொந்தம். மண்புழுவுக்கு வளையத்துக்குச் சில முட்கள்தான். இவற்றுக்கோ வளையந்தோறும் இரு பக்கமும் சதைத் துடுப்பு போன்ற கால், அந்தக் காலில் கொத்துக் கொத்தாகச் சுணை. விலங்கியல் நூல்கள் பாலிகீட்டா என்கின்றன. பல்சுணைப் புழு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மீனவர்களுக்கு அது வெறும் புழு. தூண்டிலுக்கு நல்ல இரை.

சல்லடையில் நெளிவதில் ஒன்று இதுவரை உலகில் யாரும் பெயரிடாத புழுவாக இருந்தால் அது நமக்கு எப்படித் தெரியவரும்? தெரிந்தால் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு? வைத்துத்தான் என்ன ஆகப்போகிறது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நம் கடற்கரையில் புதிய புழுக்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பழைய புழுக்களைப் பத்திரமாக வைத்திருப்பதில்தான்.

எண்ணிக்கையில் தொடங்கும் அறிவு

உலகம் முழுவதும் இன்று ஏற்கப்பட்டுள்ள பல்சுணைப் புழுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 11,500. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் சுமார் 5,200 சிற்றினங்கள் விவரிக்கப்படலாம் என்று கணித்தது. கடலடிச் சேற்றிலும் மணலிலும் எண்ணிக்கையால் ஆதிக்கம் செலுத்துபவை பெரும்பாலும் இவைதான். சேற்றைத் தின்று கழிவாக வெளியேற்றுவது ஒரு வகை. குழாய் கட்டிக்கொண்டு தலையில் விசிறி விரித்து நீரை வடிகட்டுவது இன்னொரு வகை. தாடையை வெளியே நீட்டிச் சிற்றுயிர்களைக் கவ்வுவது மற்றொன்று. மீனும் நண்டும் இறாலும் கரைப் பறவைகளும் இவற்றைத் தின்றுதான் கொழுக்கின்றன.

ஒரு புழுவை இன்னதென்று சொல்வது பெரும்பாலும் எண்ணும் வேலை. தலையில் உணர்கொம்பு எத்தனை, கண் எத்தனை, செவுள் எத்தனையாவது வளையத்தில் தொடங்குகிறது, ஒரு செவுளில் எத்தனை இழை, தாடையில் எத்தனை பல், சுணை ஒரே துண்டா அல்லது மூட்டு வைத்ததா, அதன் நுனி கொக்கியா சீப்பா என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். குறிஞ்சிப்பாடி நெசவாளி இழையெண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பார்ப்பாரே, அதே வேலைதான். என்ன, இங்கே கண்ணாடிக்குப் பதில் நுண்நோக்கி. நுனிச் சுணையின் பல்லைப் பார்க்க வேண்டுமானால் மின்னணு நுண்நோக்கி.

எண்ணுவதற்கு முன் புழு ஒழுங்காக வந்து சேர வேண்டும். உயிரோடு இருக்கும் புழுவை அப்படியே ஃபார்மலினில் போட்டால் சுருண்டு, உடைந்து, வால் ஒருபக்கம் தலை ஒருபக்கமாகிவிடும். அதனால் முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயங்கவைப்பார்கள். பிறகு உருவம் கெடாமலிருக்கச் சிலவற்றை ஃபார்மலினிலும், மரபணு கெடாமலிருக்கச் சிலவற்றை எத்தனாலிலும் போடுவார்கள். ஃபார்மலின் உடலைக் காக்கும், டிஎன்ஏவைச் சிதைக்கும். எத்தனால் டிஎன்ஏவைக் காக்கும், உடலைச் சுருக்கும். இரண்டு சீசாவும் வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். இது வழக்கத்துக்கு வருவதற்கு முன் சேகரித்தவையெல்லாம் ஃபார்மலின் சீசாக்களில் இருப்பதால் அவற்றிலிருந்து மரபணுவை எடுப்பது பெரும்பாடு.

‘புதிது’ என்று சொல்வதன் பொருள்

யாரும் பார்க்காத புழுவைப் பார்ப்பது புதிய சிற்றினக் கண்டுபிடிப்பு என்று செய்தித்தாள்கள் எழுதும். உண்மையில் புழுவை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், தூண்டிலில் கோத்திருப்பார்கள். விவரிப்பவர் முன்வைப்பது வேறொரு கூற்று: இதுவரை இந்தப் பேரினத்தில் பெயரிடப்பட்ட எல்லாவற்றோடும் ஒப்பிட்டுவிட்டேன், எதோடும் இது பொருந்தவில்லை. அந்த ‘எல்லாவற்றோடும்’ என்ற சொல்தான் கனமானது. 1758இல் லின்னேயஸ் தொடங்கிவைத்த பெயர்ப்பட்டியல் முதல் போன மாதம் வந்த கட்டுரை வரை, ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன் என்று எந்த மொழியில் இருந்தாலும் படித்தாக வேண்டும்.

பிறகு சட்டம். விலங்குகளின் பெயரீட்டுக்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் விவரிப்பு வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியைக் குறித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது அல்லது வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். பெயர் ரோமன் எழுத்தில் இருந்தால் போதும். சொல் எந்த மொழியினதாகவும் இருக்கலாம். தமிழ்ச் சொல் ஒன்று ஒரு புழுவின் நிரந்தரப் பெயராவதற்கு விதியில் தடை ஏதுமில்லை.

மூலமாதிரிதான் இதில் உயிர்நாடி. கட்டுரையில் எழுதியது தவறாகலாம், படம் மங்கலாகலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அந்தச் சீசாவைத் திறந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். எடைக்கல்லை மாநில அலுவலகத்தில் வைத்திருப்பது போல, பெயருக்கு அளவுகல் அந்தப் புழு.

இவ்வளவும் நடக்கக் காலம் பிடிக்கும். சேகரித்த நாளுக்கும் பெயரிட்ட நாளுக்கும் இடையே எல்லா உயிரினங்களுக்குமாகச் சராசரி 21 ஆண்டு என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அலமாரியில் இருக்கும் சீசாக்களில் புதியவை எத்தனையோ காத்திருக்கின்றன என்பதே இதன் பொருள்.

தூரத்திலிருந்து வந்த பெயர்கள்

நம் பக்கத்துப் புழுக்களுக்கு அறிவியல் பெயர் முதலில் தூரதேசத்திலிருந்து வந்தது. ஆஸ்திரியரான ஷ்மார்டா 1850களில் உலகைச் சுற்றியபோது இலங்கையிலும் தங்கிச் சேகரித்தார். 1861இல் வெளியான அவருடைய நூலில் இலங்கைப் புழுக்கள் பல இடம்பெற்றன. 1874இல் ஜெர்மானியரான கிரூபே இலங்கைக் கடற்புழுக்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். அவர் அள்ளிச்சென்ற புழுக்களை ஆர்தர் வில்லி 1905இல் விவரித்தார். முத்து தேடிப் போன பயணத்தில் புழுவுக்கும் பெயர் கிடைத்தது.

1916இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை நெல்சன் அனன்டேல் தலைமையில் உருவானது. அந்தக் காலத்தை ஒட்டி நடந்த சிலிகா ஏரி ஆய்வில் கிடைத்த புழுக்கள் அயர்லாந்தில் பணியாற்றிய ரோலண்ட் சதர்னிடம் போயின. 1921இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, உவர்நீர்ப் புழுக்களுக்கு இன்றும் முதல் வாசல். நம் கழிமுகங்களில் அடிக்கடி பேசப்படும் டென்ட்ரோனெரைஸ் எஸ்டுவரினா அதில் பெயர்பெற்றதுதான். மார்ஃபிசா கிரேவ்லையி என்ற பெயரும் அதில் வந்தது; கல்கத்தாவிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த கிரேவ்லியின் நினைவாக வைத்தது. கிரேவ்லி தாமே பாம்பனுக்கருகே குருசடைத் தீவின் கடற்கரை உயிர்களைத் திரட்டினார். 1927இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் அத்தீவின் புழுக்களைப் பற்றி எழுதினார்.

பிறகு பியர் ஃபோவெல். பிரான்சின் ஆன்ஷே நகரப் பேராசிரியர். சென்னை அருங்காட்சியகத்தின் புழுக்களை 1930இலும், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் புழுக்களை 1932இலும் பட்டியலிட்டார். 1953இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலேயா எல்லாவற்றுக்குமாக 500 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரே நூலை எழுதினார். அலகாபாத்தில் அச்சான அந்த நூல்தான் இந்நாட்டில் புழு பார்க்கும் மாணவர் கையில் இரண்டு தலைமுறையாக இருந்துவரும் வேதம். அந்த வேதத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னை மணலில் ஒரு பேரினம்

எல்லாப் பெயரும் வெளியிலிருந்து வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஆர். கோபால ஐயர் இருந்தார். சதர்ன் பெயரிட்ட மார்ஃபிசா புழுவின் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் சென்னை உவர்நீரில் கவனித்து 1931இல் லண்டன் லின்னேயன் கழக இதழில் எழுதியவர். அவரும் அவருடைய மாணவர் கே. எச். அலிகுஞ்ஞியும் கடற்கரை மணலை அலசத் தொடங்கினார்கள்.

அலை மோதும் மணலில் உயிர் இருக்கும் என்று சாதாரணமாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் மணல்துகள்களுக்கிடையே உள்ள இடுக்குகளில், நீர்ப்படலத்துக்குள், நூலிழைபோல் மெலிந்த புழுக்கள் வாழ்கின்றன. அவை அலையில் அடித்துப்போகாமல் துகளை ஒட்டிப் பிடிக்கும் சுரப்பிகளைக் கொண்டவை. சிறிய உடலில் முட்டையும் விந்தும் கொஞ்சம்தான் உண்டாகும். பெரிய புழுக்களைப் போல அவற்றைக் கடலில் கொட்டி வீணாக்க முடியாது. அதனால் பலவற்றில் ஆண் புழு விந்தை நேராகப் பெண்ணிடம் சேர்க்கும் உறுப்புகளை வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் கீல் நகரில் அடால்ஃப் ரெமானே இந்த மணலிடுக்கு உலகை வெளிக்கொண்டுவந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியே சென்னைக் கரையிலும் வாளியும் சல்லடையும் வேலை செய்தன.

1940இல் ஐயரும் அலிகுஞ்ஞியும் சென்னை மணற்கரையிலிருந்து ஒரு புதிய புழுவை விவரித்தார்கள். அயர்லாந்தின் கிளேர் தீவில் கிடைத்த ஒரு புழுவுக்காக சதர்ன் உருவாக்கியிருந்த பிரேகேரியா என்ற பேரினத்தில் அதை முதலில் வைத்து, இண்டிகா என்று பெயரிட்டார்கள். மேலும் ஆராய்ந்தபோது அது அங்கே ஒட்டவில்லை என்று தெரிந்தது. 1943இல் அதற்கென்றே பிசியோனிடென்ஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள். தொடர்ந்து 1944இல் சாக்கோசிரஸ் மைனர், பாலிகார்டியஸ் மதராசென்சிஸ். 1947இல் அலிகுஞ்ஞி தனியாக பிசியோனே காம்ப்ளெக்சா. பிறகு குருசடைத் தீவின் பெயரைத் தாங்கிய சாக்கோசிரஸ் குருசடென்சிஸ்.

இன்று வேறு கடலில் மணலை அலசி அந்த வகைப் புழுவைக் காண்பவர், சென்னையில் வைத்த பேரினப் பெயரைத்தான் எழுத வேண்டும். தங்கள் முதல் முடிவையே தாங்களே திருத்தி, ஏன் என்று எழுதி வைத்ததும் அந்த இருவரின் பாடம். இதே அலிகுஞ்ஞிதான் பின்னாளில் ஹிராலால் சௌத்ரியோடு சேர்ந்து, 1957இல் ஹார்மோன் ஊசி போட்டு நம் கெண்டை மீன்களை முட்டையிடவைத்த முயற்சியில் பங்குபெற்றார். நாட்டின் மீன் வளர்ப்பையே மாற்றிய கைகள் பழகியது நூலிழைப் புழுக்களில்.

நம் ஊர்ப் பக்கம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம். ஆர். வி. சேஷய்யா தொடங்கிவைத்தது, 1960களில் உயராய்வு மையமானது. வெள்ளாறு, பிச்சாவரம் அலையாத்திக் காடு, உப்பனாறு மூன்றும் அதன் எட்டும் தூரத்தில். இந்த மூன்றின் அடிச்சேற்றுப் புழுக்களைப் பற்றி அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக ஆய்வேடுகள் வந்திருக்கின்றன.

எல்லாக் கடலிலும் ஒரே புழுவா?

ஃபோவெலின் வேதத்தில் இருந்த சிக்கலுக்கு வருவோம். இந்திய நூலுக்கு முன் 1923இலும் 1927இலும் பிரான்ஸ் நாட்டுப் புழுக்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதியவர் அவர். சிற்றினத்தின் எல்லையை அகலமாக வரைபவர். சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல், இந்தியப் புழு பலவற்றை ஐரோப்பியப் புழுவின் பெயரிலேயே சேர்த்தார். அவர் நூலைக் கையில் வைத்துப் பெயர் தேடிய நம் மாணவர்களும் அதே பெயருக்கே வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் குளிர்ந்த கரையில் வாழும் புழுவும் கடலூரின் வெதுவெதுப்பான கழிமுகத்துப் புழுவும் பட்டியலில் ஒன்றாயின.

மார்ஃபிசா சாங்குவினியா இதற்கு நல்ல உதாரணம். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் கரைப் புழுவுக்கு இருநூறு ஆண்டுக்கு முன் மாண்டகு வைத்த பெயர். பிறகு ஜப்பான், ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று எங்கும் அதே பெயர் பதிவானது. டெவன் புழுவை மறுபடி துல்லியமாக விவரித்துக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டபோது, அவை வேறு வேறு சிற்றினங்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2018இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பாட் ஹட்சிங்சும் எலினா குப்ரியானோவாவும் எழுதிய கட்டுரையின் கேள்வியே, உலகம் முழுவதும் பரவிய புழு என்பது உண்மையா கற்பனையா என்பதுதான். கப்பலின் அடியில் ஒட்டியும் கப்பல் சுமந்த நீரிலும் பயணம் செய்தவை சில உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பரப்பியது நூல்கள்தான்.

2020இல் ஹட்சிங்ஸ், பிரெஞ்சு, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்னைப் பகுதி மார்ஃபிசா ஒன்றைப் புதிய சிற்றினமாக விவரித்தார். பெயர் மார்ஃபிசா மதராசி. இறால் பொரிப்பகங்களுக்குத் தீனியாகப் பிடித்து விற்கப்படும் புழு அது. கிலோக் கணக்கில் வியாபாரமாகும் புழுவுக்குச் சொந்தப் பெயர் கிடைக்க 2020 ஆனது. நகரம் 1996இல் தன் பழைய பெயரைக் கைவிட்டது. புழு அதை எடுத்துக்கொண்டது.

மேற்குக் கரையிலும் இதே வேலை நடக்கிறது. தென்கேரளக் கரையிலிருந்து 2012இல் நமாலிகாஸ்டிஸ் ஜெயா விவரிக்கப்பட்டது. காலின் மேற்பகுதியில் சுணையே இல்லாதது அதன் முக்கிய அடையாளம். உருவத்தோடு மரபணு வரிசையையும் சேர்த்து எழுதப்பட்ட விவரிப்பு அது.

பெயர் தவறினால் என்ன?

எந்தப் பெயரில் அழைத்தாலும் புழு புழுதானே என்று கேட்கலாம். இறால் தொழிலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தாய் இறால் நன்றாக முட்டை வைக்க வேண்டுமென்றால் உயிருள்ள புழு கொடுக்க வேண்டும் என்பது பொரிப்பகக்காரர்களின் அனுபவம். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் இந்திய இறால் பண்ணைகளை வாட்டியது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், புழு அந்த நோயின் வைரஸைச் சுமந்து தாய் இறாலுக்குக் கடத்த முடியும் என்று காட்டினார்கள். அதில் புழுவின் பெயர் மார்ஃபிசா கிரேவ்லையி. அப்போது மார்ஃபிசா மதராசி என்ற பெயரே பிறக்கவில்லை. எந்தப் புழு நோயைச் சுமக்கிறது, எதைப் பண்ணையில் வளர்த்து நோயில்லாத தீனியாக விற்கலாம் என்று முடிவெடுப்பவருக்கு இந்த இரண்டு பெயரின் எல்லை தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியது அன்றைய ஆய்வுகளில் கைக்கொண்ட புழுவின் மாதிரி மட்டுமே.

மாசு ஆய்வில் விஷயம் இன்னும் கூர்மை. கேப்பிட்டெல்லா கேப்பிட்டேட்டா என்ற சிறு புழு அழுக்குச் சேற்றில் பெருகும். அது மிகுந்தால் அங்கே மாசு உண்டு என்று உலகெங்கும் அறிக்கைகள் எழுதுகின்றன. அந்தப் பெயர் 1780இல் கிரீன்லாந்துப் புழுவுக்கு ஃபப்ரீசியஸ் வைத்தது. 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் எண்ணெய் கொட்டிய பிறகு அங்கே அலைமோதிய அப்புழுக்களை கிராஸில் தம்பதியர் வளர்த்துப் பார்த்தார்கள். உருவத்தில் பிரிக்க முடியாத, நொதிகளிலும் இனப்பெருக்கத்திலும் வேறுபட்ட ஆறு சிற்றினங்கள் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்தன. 1976இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். வாழும் முறை வேறான ஆறு புழுக்களுக்கு ஒரே பெயரைப் போட்டு மாசின் அளவு சொன்னால், தராசில் ஆறு வேறு எடைக்கல்லை வைத்து நிறுப்பது போலத்தான்.

உப்பனாற்றுக்கு இதை வைத்துப் பாருங்கள். ஆலைக்கு அருகே எந்தப் புழு பெருகியது, எது மறைந்தது என்ற பட்டியல்கள் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் வருகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமி இதே கரையைப் புரட்டிப்போட்டபோது அடிச்சேறு எப்படி மாறியது என்று கேட்டவர்களுக்கும் பழைய பட்டியல்தான் ஆதாரம். பட்டியலில் உள்ள பெயர் ஐரோப்பியப் புழுவின் பெயராக இருந்து, மாதிரியும் பாதுகாக்கப்படாமல் போயிருந்தால், முன்னும் பின்னும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இனி வரப்போகும் கேள்வி இன்னும் ஆழத்தில். மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோக முண்டுகள் கிடக்கும் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அதற்கான கருவிகளை உருவாக்குகிறது. பசிபிக்கில் இதுபோன்றதொரு முண்டுப் பரப்பில் வாழும் சிற்றினங்களில் 88 முதல் 92 சதவீதம் வரை பெயரிடப்படாதவை என்று 2023இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தோண்டுவதற்கு முன் மேலே என்ன இருந்தது என்று எழுதி வைத்தால்தான், தோண்டிய பிறகு என்ன போயிற்று என்று கேட்க முடியும்.

தடை எங்கே?

முதல் தடை, ஒப்பிட வேண்டிய மூலமாதிரிகள் சிதறிக் கிடப்பது. வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ், கொல்கத்தா என்று ஊருக்கு ஒரு சீசா. பரங்கிப்பேட்டை மாணவர் அவற்றைப் பார்க்காமல் ‘எல்லாவற்றோடும் ஒப்பிட்டேன்’ என்று எழுத முடியாது. பல பழைய பெயர்களுக்கு மூலமாதிரியே தொலைந்துவிட்டது. அப்போது முதலில் விவரித்த அதே இடத்துக்குப் போய் மறுபடி பிடித்து, புதிய அளவுகல்லை நிறுவ வேண்டும். கேப்பிட்டெல்லா கேப்பிட்டேட்டாவுக்கு 2009இல் கிரீன்லாந்துப் புழுவை வைத்து இப்படித்தான் செய்தார்கள். சதர்னின் சிலிகா புழுக்களுக்கும் கிரேவ்லியின் குருசடைப் புழுக்களுக்கும் அந்த வேலையைச் செய்ய நம்மைவிட அருகில் யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது, மரபணுவால் முடிவதைவிட அதிகமாக அதனிடம் எதிர்பார்ப்பது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துத் துண்டை உயிருக்குப் பட்டைக்கோடுபோல் வைத்து ஒப்பிடும் முறை 2003 முதல் பரவியது. இரண்டு புழு வேறு என்று அது விரைவில் காட்டிவிடும். இன்ன பெயர் என்று சொல்ல, சரியாக அடையாளம் காணப்பட்ட புழுவின் வரிசை களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அங்கே இந்தியப் புழு ஒன்று ஐரோப்பியப் பெயரில் ஏற்றப்பட்டிருந்தால், இயந்திரம் ஃபோவெலின் பிழையையே இன்னும் வேகமாகத் திருப்பிச் சொல்லும்.

மூன்றாவது, சட்டம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், புதிய சிற்றினத்தைக் கண்டவர் அதை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதன் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையமும் சென்னையில் 1973 முதல் இயங்குகிறது. நம் உயிர்கள் இனியும் வியன்னாவுக்கும் பாரிசுக்கும் போய்விடாமல் காப்பது அந்தச் சட்டத்தின் நியாயம். ஒப்பிடுவதற்காக ஒரு புழுவை வெளிநாட்டுக்கு அனுப்பவும் வரவழைக்கவும் தேவைப்படும் தாள் வேலை அதன் விலை. விலையைக் குறைக்கலாம், நியாயத்தை விட்டுவிட முடியாது.

நான்காவது, ஆள். ஒரு பேரினத்தைப் பத்து ஆண்டு பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் சுணை நுனியின் வேறுபாடு தெரியும். அதற்குச் சம்பளம் கொடுக்கும் பதவி அரிது. ஆய்வேட்டை முடித்த மாணவர் வேறு வேலைக்குப் போகிறார். சீசாக்கள் துறை அலமாரியில் தங்குகின்றன, எத்தனால் ஆவியாகிறது, சீட்டின் மை மங்குகிறது. ஆய்வேட்டின் பட்டியல் அச்சில் நிற்கும். அதற்குச் சாட்சியாக இருந்த புழு காய்ந்து தூளாகிவிடும்.

சீசாவும் சீட்டும்

ஆக, சேற்றுப் புழுவுக்குப் பெயர் வைப்பவர் யார்? ஷ்மார்டா காலத்தில் வந்து போனவர் வைத்தார். சதர்ன் காலத்தில் அனுப்பிவைக்கப் பெற்றவர் வைத்தார். ஐயரும் அலிகுஞ்ஞியும் தங்கள் வாசலில் இருந்த மணலை அலசித் தாங்களே வைத்தார்கள். 2020இல் மதராசி என்ற பெயரைப் பல நாட்டவர் சேர்ந்து வைத்தார்கள். நான்கு காலத்திலும் மாறாதது ஒன்றே: பெயர் போனது புழுவைக் கண்டவரிடம் அல்ல, புழுவை வைத்திருந்தவரிடம்.

நாளை உப்பனாற்றுச் சேற்றை அலசும் மாணவர் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. இருபது புழு கிடைத்தால் பத்து ஃபார்மலினுக்கு, பத்து எத்தனாலுக்கு. பெயர் தெரியாவிட்டால் நூலைப் புரட்டி ஏதோ ஓர் ஐரோப்பியப் பெயரைப் பொருத்தாமல், பேரினத்தோடு நிறுத்தி ஓர் எண் போடலாம். ஆய்வேடு முடிந்ததும் சீசா துறை அலமாரியில் உறங்காமல் சென்னைக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு: இடம், ஆழம், உப்பளவு, தேதி, பிடித்தவர் பெயர். பென்சில்தான், எத்தனாலில் மை கரைந்துவிடும். அந்தப் புழு புதியதா பழையதா என்பதை இருபத்தோரு ஆண்டு கழித்து இன்னொருவர் சொல்லட்டும்.